நூற்றெழுபத்து நான்காவது வரி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்து நிற்கும் இருபத்து நான்கு வீட்டு அடுக்ககம் ஒன்றின் முதல் மாடியில் சம்பத் குடியிருந்தார். தாம்பரத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் அவர் ஆய்வக உதவியாளர் என்பதும், இன்னும் எட்டு மாதங்களில் ஓய்வு பெறவிருப்பவர் என்பதும் அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் மேடவாக்கம் கூட்டுரோட்டில் இறங்கி 'டிக்கெட் சம்பத்' என்று கேட்டால் போதும், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

பெயர்க் காரணம் இதுதான். மலைமேல் இருக்கும் பெருமாளைத் தரிசிக்க, மூன்று மாதங்கள் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டுகளை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இணையத்தில் திறந்துவிடுவார்கள். பத்தரைக்குள் நல்ல நாட்களெல்லாம் தீர்ந்துவிடும். ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் ஆதார் எண்ணையும் கட்டம் கட்டமாக நிரப்பி முடிப்பதற்குள் சாதாரண மனிதர்களுக்குக் கை நடுங்கும், எண் தவறும், திரை மறைந்துபோகும். சம்பத்துக்கு அப்படி ஆனதே இல்லை. அன்றைக்கு அவர் அரை நாள் விடுப்பு எடுப்பார். குளித்து, நாமம் தரித்து, மடிக்கணினியும் இரண்டு கைப்பேசிகளுமாகச் சாப்பாட்டு மேசையில் அமர்வார். ஆறு ஆறு பேராகப் பிரித்து, யார் யாருக்கு எந்த நாள் என்பதை முந்தின நாளே முடிவு செய்து வைத்திருப்பார். இதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. திரும்பி வந்து லட்டு கொடுத்தால் மட்டும் மறுக்கமாட்டார்.

அவருடைய எக்செல் பட்டியலில் அப்போது இருநூற்று முப்பத்தாறு பேர் இருந்தார்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், கைப்பேசி எண், முகவரி. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. 'முழங்கால் வலி', 'மருமகளுடன் ஒரே டிக்கெட்டில் வேண்டாம்' என்பது போன்ற செய்திகளை அதில் அவர் சிரத்தையாக எழுதி வைப்பது வழக்கம். அட்டைகளின் படங்கள், முன்பக்கமும் பின்பக்கமுமாக, கைப்பேசியில் ஒரு தனிக் கோப்புறையில் இருந்தன. கேட்டுப் பெறுவதற்கு அவருக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையை அனுப்புவதைவிட எளிதாக, மக்கள் தங்கள் ஆதாரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினார்கள். அதை அவர் தம் மீது வைத்த மரியாதை என்றே எண்ணினார். ஐம்பதை நெருங்கும்வரை தமக்குக் கிடைக்காதிருந்த ஒரு மரியாதை அது.

நூற்றெழுபத்து நான்காவது வரியில் இருந்தவள் வினிதா.

வினிதாவும் அவள் கணவன் சூர்யாவும் சம்பத்துக்கு நேர் மேல் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவன் கார் விற்பனை நிலையம் ஒன்றில் மேலாளர். கல்யாணமான புதிதில் இருவருக்கும் சம்பத்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மேல் வீட்டிலிருந்து சில சத்தங்கள் வரத் தொடங்கின. நாற்காலி இழுபடும் சத்தம், ஏதோ பாத்திரம் சுவரில் பட்டு உருளும் சத்தம், அதன்பின் நெடுநேரம் ஒன்றுமே இல்லாத சத்தம். சம்பத்தும் அவர் மனைவி ஜெயஸ்ரீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே கூட்டுவார்கள். ஒரு முறை மின்தூக்கியில் வினிதாவின் மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன தடத்தைச் சம்பத் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்வது நாகரிகம் ஆகாது என்று எண்ணி, மழை வரும்போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஆவணியில் அவள் வீட்டைவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து, சூர்யா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சம்பத்தின் பாலிடெக்னிக் வாசலுக்கே வந்து நின்றாள்.

"அங்கிள், ஆதார்ல அட்ரஸ் மாத்தணும். ஹாஸ்டல் வார்டன் லெட்டர் குடுத்திருக்காங்க. ஆன்லைன்ல எனக்கு ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு. உங்களைத் தவிர யார்கிட்டயும் கேக்க முடியல."

சம்பத் ஆய்வகக் கணினியிலேயே அமர்ந்து அவளுக்கு அதைச் செய்துகொடுத்தார். ஒரு வாரத்தில் புது முகவரியுடன் அட்டை இணையத்தில் வந்தது. நாவலூரில் உள்ள பெண்கள் விடுதி ஒன்றின் பெயர், தெரு, கதவெண் எல்லாம் அதில் இருந்தன. அதை அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுத்தபோது அவள் சொன்னாள்:

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போன்ல, லிஸ்ட்ல எல்லாத்துலயும் என்னோடது இருந்தா அழிச்சிடுங்க. நான் எங்க இருக்கேன்னு எங்க அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல."

"கட்டாயம்மா. இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றார் சம்பத்.

அன்று மாலை அவர் பட்டியலைத் திறந்தது உண்மை. வினிதாவின் வரிக்குப் போனதும் உண்மை. அங்கே போனபின் அவருக்குத் தயக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் இன்று வேண்டாம் என்பார்கள், நாளைக்கு அட்டையைத் தொலைத்துவிட்டு 'அங்கிள், உங்ககிட்ட இருக்குமே' என்று வந்து நிற்பார்கள். எத்தனை பேர் அப்படி வந்திருக்கிறார்கள்! நம்மிடம் இருப்பது பெட்டகத்தில் இருப்பது மாதிரிதானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆகவே அந்த வரியை அவர் அழிக்கவில்லை. பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புது முகவரியை ஏற்றினார், கைப்பேசியிலும் பழைய அட்டையின் படத்துக்குப் பதிலாகப் புது அட்டையின் படத்தைச் சேர்த்து வைத்தார்.

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள், டிக்கெட் திறப்பதற்கு முந்தின மாலை, சூர்யா அவரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தான். முகம் வாடியிருந்தது. நெற்றியில் சந்தனம் இட்டிருந்தான்.

"சார், ஒரு உதவி. உங்களால மட்டும்தான் முடியும்."

"சொல்லுங்க சூர்யா."

"எனக்கும் வினிதாவுக்கும் ஒரே டிக்கெட்ல தை மாசத்துக்கு ஒரு தரிசனம் போட்டுக் குடுங்க சார். எங்க கல்யாண நாள் வருது. அங்க வெச்சு அவகிட்ட மன்னிப்பு கேக்கப்போறேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா எப்படி சார் வருவா? கோவத்துல இருக்கா. அவங்க அக்கா மூலமா கூட்டிட்டு வந்துடுவேன். பெருமாள் முன்னாடி நின்னுட்டா அப்புறம் எல்லாம் தானா சரியாகிடும். நீங்க போட்ட டிக்கெட்ல போய் எத்தனை பேருக்குக் குழந்தை பொறந்திருக்கு, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு! எங்களுக்கும் ஒரு வழி பண்ணுங்க சார்."

சொல்லும்போது அவன் கண் கலங்கியது. சம்பத்தின் கண்ணும் கலங்கிவிட்டது. பிரிந்த ஒரு குடும்பம் தம்முடைய பத்து விரல்களால் ஒன்று சேரப்போகிறது என்ற எண்ணம் அன்றிரவு அவரைத் தூங்கவிடவில்லை என்றே சொல்லவேண்டும். மறுநாள் காலை பத்து மணி நாலு நிமிடத்துக்கு வேறு எவருக்கும் முன்பாக அந்த டிக்கெட்டைத்தான் போட்டார். இரண்டு பெயர்கள், இரண்டு ஆதார் எண்கள், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. உடனே சூர்யாவுக்கு அனுப்பினார்.

பதில் வந்தது. 'ரொம்ப நன்றி சார். செக்கிங்ல அவ ஆதார் காப்பி கேப்பாங்க. அவ கொண்டுவர மறந்துட்டா மொத்தமும் வீண். உங்ககிட்ட இருக்கிறதை அனுப்புங்களேன், பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிறேன்.'

அடுத்த குடும்பத்தின் விவரங்களை ஏற்றுவதற்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பத் கோப்புறையைத் திறந்தார், வினிதாவின் அட்டையைத் தொட்டார், அனுப்பினார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன. இத்தனைக்கும் ஆன நேரம் பத்து விநாடி இருக்கலாம்.

நாலாம் நாள் மாலை, பாலிடெக்னிக்கிலிருந்து கிளம்பும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அங்கிள், நான் வினிதா. என் போன் உடைஞ்சிடுச்சு, ஃபிரண்டு போன்ல பேசறேன்." குரலில் அழுகை இல்லை. அதுதான் சம்பத்துக்கு முதலில் பயமாக இருந்தது. "இன்னிக்குக் காலைல சூர்யா ஹாஸ்டல் வாசல்ல நின்னான். கையைப் பிடிச்சு வண்டிக்கு இழுத்தான். வாட்ச்மேன் அக்கா மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியல. அவன் கையில என் ஆதார் பிரிண்ட் இருந்தது அங்கிள். புது ஆதார்."

சம்பத் நடையை நிறுத்திச் சுவரோரமாக ஒதுங்கினார்.

"அந்தக் கார்டை நான் ஆபீஸ்லகூட இன்னும் குடுக்கல. உங்ககிட்ட மட்டும்தான் இருந்தது. அழிச்சிட்டீங்கன்னுதானே நினைச்சேன்?"

"அம்மா... அது வந்து..."

"சரி அங்கிள். இதையாவது கேளுங்க. நான் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன். அவன் என்ன சொல்றான் தெரியுமா? நானே அட்ரஸ் குடுத்து வரச் சொன்னேனாம். சேர்ந்து வாழ ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோமாம். அதுக்குச் சாட்சியா ரெண்டு பேர் பேரும் போட்ட தரிசன டிக்கெட்டைக் காட்டறான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து 'ஏம்மா, டிக்கெட்டெல்லாம் போட்டிருக்கீங்களே'ன்னு கேக்கறாங்க. அவன் என் பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்ல ஆர்டர் வாங்கணும் அங்கிள். நாளைக்குச் சாயந்தரம் மறுபடி விசாரணை. நீங்க வந்து நடந்ததைச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அழைப்பு முடிந்தபின்னும் சம்பத் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மாணவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவன், "சார், லைட் ஆஃப் பண்ணிடட்டுமா?" என்று கேட்டான். எதற்கென்று தெரியாமலேயே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து ஜெயஸ்ரீயிடம் சொன்னார். ஜெயஸ்ரீ அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அமர்ந்தார்.

"அந்தப் பொண்ணு அழிக்கச் சொன்னாளா, இல்லையா?"

"சொன்னா."

"பின்ன எதுக்குங்க வெச்சிருந்தீங்க? தாலி மாதிரி கட்டிக்கிட்டா இருக்கணும் அந்த லிஸ்ட்டை?"

"ஒரு உதவிக்குத்தானே ஜெயா..."

"மேல தட்டு உருண்டப்போ டிவி சத்தத்தைக் கூட்டினோமே, அப்போ வரல உதவி. இப்ப வந்துடுச்சு." சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோனவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "அழிச்சிடுங்க. லிஸ்ட், போட்டோ, வாட்ஸப் எல்லாத்தையும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எட்டு மாசம் இருக்கு. கேஸுன்னு வந்தா காலேஜ்ல சஸ்பெண்ட் பண்ணுவாங்க" என்றார்.

அந்த நேரத்தில் சூர்யாவின் அழைப்பும் வந்தது. மேல் வீட்டிலிருந்துதான் பேசினான். அவன் நடப்பது கூரையில் கேட்டது.

"சார், சாப்பிட்டீங்களா? ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா ஒண்ணும் பதட்டப்படாதீங்க. வினிதாவே அனுப்பச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

"அவங்க சொல்லலியே சூர்யா."

"சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க போன்ல எத்தனை பேர் ஆதார் இருக்குன்னு இந்த ஏரியாவுக்கே தெரியும். அதை நான் சொல்லணும்னு இல்ல. சொல்ல வைக்காதீங்க. குட் நைட் சார்."

ஐந்து நிமிடம் கழித்துச் சம்பத் படியிறங்கித் தரைத்தளத்துக்குப் போனார். அங்கே குடியிருந்த வில்பிரட் தாம்பரம் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். லுங்கியோடு வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், முழுக் கதையையும் கேட்கும்வரை குழாயை மூட மறந்துவிட்டார். தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து இருவர் காலையும் நனைத்தது.

"சம்பத்து, நீ என்ன ஆதார் ஆபீஸா? எதுக்குயா இருநூறு பேருதை வெச்சிருக்க?"

"அவங்களாதானே குடுத்தாங்க வில்பிரட்? வெச்சிருந்தது தப்பா?"

"உன் பொண்டாட்டிதை வெச்சிருந்தா எவனும் கேக்கமாட்டான். ஊரு உலகத்துதை வெச்சிருந்தா கேப்பான். எதுக்குக் குடுத்தாங்களோ அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். வேலை முடிஞ்சா, இல்ல வேணாம்னு சொல்லிட்டா, அழிச்சிடணும். தனிநபர் தகவலுக்குன்னு வந்திருக்கிற புதுச் சட்டம் அதைத்தான் சொல்லுது. அது முழுசா அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கு, அது வேற. ஆனா அடுத்தவங்க அடையாளத்தை மோசடியாப் பயன்படுத்தினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு ஐ.டி. சட்டத்துல எப்பவோ இருக்கு. அவளுக்குத் தெரியாம அவ நம்பரைப் போட்டு டிக்கெட் எடுத்தது யாரு?"

"மோசடி இல்லையே வில்பிரட்! ஒரு நல்லதுக்குத்தானே பண்ணேன்."

"அதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. நம்பினாங்கன்னா சாட்சி. நம்பலைன்னா..." வில்பிரட் குழாயை மூடினார். "நம்பலைன்னா நான் வந்து நிப்பேன். லட்டு எல்லாம் ஃபீஸா வாங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

சம்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டா?"

"கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சுன்னு தெரிஞ்ச பிறகு அழிச்சா அது தனிக் கேஸ். ஆனா நீ அதைக் கேக்கல. அழிச்சா மாட்டுவோமா மாட்டமாட்டோமான்னு கேக்கற. மாட்டாமக்கூடப் போகலாம். அவன் வாயைத் திறக்கமாட்டான், அந்தப் பொண்ணுகிட்ட ஆதாரம் கிடையாது. வக்கீலா உனக்குச் சொல்றதைச் சொல்லிட்டேன். ஃபிரண்டா கேட்டா... கேக்காத, போ."

மறுநாள் சனிக்கிழமை. ஜெயஸ்ரீ காய்கறி வாங்கக் கிளம்பிப் போனார். மடிக்கணினியைத் தூசு தட்டி மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

சம்பத் அதைத் திறந்தார். பட்டியல் வந்தது. முழுவதையும் ஒரே சொடுக்கில் அழிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பதினோரு ஆண்டு உழைப்பை ஒருமுறையாவது பார்த்துவிட்டு அழிப்போம் என்று மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். சிட்டிபாபு, பிறந்த தேதி, எண், குறிப்பில் 'காது கேட்காது, சத்தமாகப் பேசவும்'. வில்பிரட்டின் பெயர்கூட இருந்தது. ஆறு பேர் டிக்கெட்டில் ஓர் இடம் காலியாக இருந்தபோது, கிறிஸ்தவராக இருந்தாலும் மலைக்காற்றுக்காக வருகிறேன் என்று ஒரு முறை கூடவே வந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் எழுந்து வந்தது. இவர்களில் யாரிடமாவது, உங்களுடையதை இன்னும் வைத்திருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறோமா என்று யோசித்தார். அப்படிக் கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

நூற்றெழுபத்து நான்காவது வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பெயர், எண், புது முகவரி. கடைசிப் பத்தியில், வழக்கமான சிரத்தையுடன், அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்: 'அழிக்கச் சொன்னாள். 11.9.'

எப்போது எழுதினோம் என்று அவருக்கு நினைவில்லை. முகவரியை மாற்றிய அதே கையோடுதான் எழுதியிருக்க வேண்டும். முழங்கால் வலி என்பதைப் போல, காது கேட்காது என்பதைப் போல, இதையும் ஒரு தகவல் என்று எண்ணிக் கட்டத்தில் போட்டு மூடிவிட்டிருக்கிறார். ஒரு பெண் தன் உயிருக்குப் பயந்து சொன்ன சொல்லைத் தேதியோடு குறித்துவைத்துவிட்டு, அதற்கு நேர்மாறானதைச் செய்திருக்கிறார்.

அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழித்துவிட்டால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. மீதி எல்லாவற்றையும் வெகுளித்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டு சொற்களும் தேதியும் இருக்கும்வரை அப்படிச் சொல்ல முடியாது. அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தார். மேல் வீட்டில் சூர்யா எதையோ இழுத்துப் போட்டான். கூரை அதிர்ந்தது. சம்பத் அனிச்சையாகத் தொலைக்காட்சியின் ரிமோட்டைத் தேடினார்.

ரிமோட் கையில் அகப்பட்டது. அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு மடிக்கணினியை மூடி, அதன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்தார்.

ஜெயஸ்ரீ திரும்பி வந்தபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல."

ஜெயஸ்ரீ காய்கறிப் பையைக் கீழே வைக்காமலேயே நின்றார். "குடையை எடுத்துக்குங்க" என்றார் கடைசியில்.

மகளிர் காவல் நிலையத்தில் அன்று கூட்டம் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடியின் மேசைக்கு ஒரு பக்கம் வினிதா. அவள் பக்கத்தில், சீருடைச் சேலையுடன் ஒரு நடுத்தர வயதுப் பெண். விடுதியின் காவலாளி கன்னியம்மா. மறுபக்கம் சூர்யா, இஸ்திரி கலையாத சட்டையில், கைகட்டி, பணிவாக.

"நான்தான் மேடம் கேட்டாண்ட இருந்தேன்," என்று கன்னியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "கைய வுடு நைனான்னு மரியாதயாத்தான் சொன்னேன். வுடல. 'எம் பொண்டாட்டி, நீ இன்னா கேக்கறது'ன்றான். யாரு பொண்டாட்டியா இருந்தா இன்னா, வரமாட்டேன்னு அது கத்திகினு கீதுன்னு சொல்லிட்டு வுட்டேன் ஒண்ணு, லத்தியால. அதையும் எழுதிக்குங்க."

"அதை எழுதினா உன்மேலதான் கேஸ் வரும். சும்மா இரு," என்ற இன்ஸ்பெக்டர், நிமிர்ந்து சம்பத்தைப் பார்த்தார். "நீங்க யாரு?"

சம்பத் வணக்கம் சொன்னார். தம் பெயரையும் பணியையும் சொன்னார். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்றார். சூர்யா புன்னகை செய்தான்.

"அந்த ஆதார் காப்பியை சூர்யாவுக்கு நான்தான் மேடம் அனுப்பினேன். டிக்கெட்டும் நான்தான் போட்டேன். ரெண்டும் வினிதாவுக்குத் தெரியாது."

சூர்யாவின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "மேடம், வயசானவர், குழம்பிட்டார். வினிதாதான் அவர்கிட்ட..."

"நீங்க இருங்க சார். அவர் முடிக்கட்டும்."

சம்பத் கைப்பேசியை மேசையில் வைத்தார். சூர்யாவின் கோரிக்கையும் தாம் அனுப்பிய இரண்டு படங்களும் நேரத்தோடு அதில் இருந்தன. பிறகு மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"அழிக்கச் சொன்னாள்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அழிக்கல."

"இல்ல மேடம்."

"பின்ன எதுக்கு எழுதினீங்க? ஞாபகத்துக்கா?"

பின்னால் நின்ற காவலர் ஒருவர் சிரித்துவிட்டார். சம்பத்துக்குக் காது சுட்டது. இன்ஸ்பெக்டர் கீழே நகர்த்திக்கொண்டே போனார். இருநூற்று முப்பத்தாறுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இவ்வளவு பேரும் வெச்சுக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"டிக்கெட் போடக் குடுத்தாங்க மேடம்."

"டிக்கெட் போட்டாச்சு. அப்புறம்?"

சம்பத் மடிக்கணினிப் பையின் ஜிப்பை மூடித் திறந்தார்.

வாக்குமூலம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கைப்பேசியையும் மடிக்கணினியையும் உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். தம்முடைய ஆதாரின் நகலைக் கேட்டபோது சம்பத் பையில் துழாவினார். முத்திரை வைத்த உறைக்குள் ஊராருடையது அத்தனையும் இருந்தது, பையில் அவருடையது இல்லை. திங்கட்கிழமை கொண்டுவந்து தருமாறு சொன்னார்கள். சாட்சியாகவா வேறு விதமாகவா என்பதைப் பிறகு சொல்வதாகவும், ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்றும் சொன்னார்கள். சூர்யாவை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவன் சம்பத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், "மேல் வீடு, கீழ் வீடு சார். தினமும் பார்ப்போம்" என்றான்.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. வினிதா வாசல் தகரக் கூரையின் கீழ் ஒரு பயணப் பெட்டியோடு நின்றாள். கன்னியம்மா வேலைக்கு நேரமாயிற்று என்று முன்னாலேயே போய்விட்டார்.

"ஆர்டருக்கு எழுதறேன்னு சொல்லியிருக்காங்க," என்றாள் வினிதா. "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். வந்ததுக்கு நன்றி அங்கிள்."

"மன்னிச்சிடும்மா" என்று சொல்லத்தான் சம்பத் முந்தின மாலையிலிருந்தே சொற்களைக் கோத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் பெட்டிதான் கண்ணில் பட்டது. "ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டியாம்மா?"

"அவனுக்குத் தெரிஞ்ச இடத்துல எப்படி இருக்கிறது?"

"மழையா இருக்கே. ஆட்டோ கிடைக்காது. பெட்டியை முன்னால வெச்சுக்கலாம், நான் கொண்டுவந்து விட்டுடறேன். இப்ப எங்கம்மா..."

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. வினிதா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. மிகவும் களைத்த ஒருத்தியின் பார்வை அது.

"நீங்க கிளம்புங்க அங்கிள்."

"குடையாவது வெச்சுக்கோம்மா."

"வேண்டாம் அங்கிள். கிளம்புங்க."

சம்பத் படியிறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினார். சாலையில் ஏறும் முன் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். காலியான ஆட்டோ ஒன்று அவளருகே வேகத்தைக் குறைத்தது. அவள் கை காட்டவில்லை, ஆட்டோ போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதையும் போகவிட்டாள். பெட்டியின் பிடியைப் பற்றியபடி அவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திருப்பத்தைக் கடந்து கண்ணுக்கு மறையும்வரை அவள் எந்த வண்டியிலும் ஏறப்போவதில்லை என்பது சம்பத்துக்குப் புரிந்தது.

அவர் மழையில் வேகத்தைக் கூட்டினார்.